மாலையில் மட்டும் வரும் அரிப்பு

மார்ச் 3, செவ்வாய்

மதுரை போய் வந்தோம். வலிக்கென்றே தனியாக டாக்டர் உண்டு என்பது இத்தனை வயதில் இன்றுதான் எனக்குத் தெரியும். சின்ன வயது டாக்டரம்மா. என் வீட்டுக்காரர் ரத்தினசாமிக்குப் புராஸ்டேட்டில் ஆரம்பித்த புற்று இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் போய்விட்டது; இனி அதைத் துரத்துவது வேலை இல்லை, வலியை அடக்குவதுதான் வேலை என்று நேராகச் சொல்லிவிட்டார். சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். வெளியே வந்து காரில் ஏறும் வரை பிடித்திருந்தது.

மார்ஃபின் மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் படுக்கும்போதும் நான் கொடுப்பேன். நான் என் மிளகாய் வத்தல் கடையில் இருக்கும் நேரத்தில், பத்துக்கும் இரண்டுக்கும் மருமகள் செல்வராணி. "வலி வந்தப்புறம் குடுக்கிற மாத்திரை இல்லம்மா. வராம இருக்கக் குடுக்கிறது. நேரம் தவறக்கூடாது" என்றார் டாக்டரம்மா.

மாத்திரை உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அவர் நெற்றி இறுக்கம் விட்டது. "சண்முகக்கனி, சோறு என்ன?" என்று கேட்டார். ஆறு மாதமாக அவர் சோற்றைப் பற்றிக் கேட்டதில்லை.

எனக்கு இனி ஒரே ஒரு ஆசைதான். வலி இல்லாத மனிதரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் பஸ் ஓட்டப் போவார், நான் வத்தல் வியாபாரத்துக்குப் போவேன்; அவர் ரிட்டயர் ஆன பிறகும் நான் விருதுநகர் கடையில்தான். பேசியதெல்லாம் செருப்பு மாட்டிக்கொண்டே பேசியதுதான். மிச்சம் இருக்கிற நாளில் அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

வலி நிஜமாகவே குறைந்திருக்கிறது. ஆனால் அரிப்பு.

மாலை கடையிலிருந்து வந்து ஆறு மணி மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூக்கைத் தேய்க்க ஆரம்பித்தார். பிறகு கன்னம், கழுத்து, நெஞ்சு. தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. சும்மா தோலை விறாண்டுகிறார். சொறிந்துகொண்டே கண்ணை மூடித் தூங்கிப் போனார். தூக்கத்திலும் கை மூக்குக்குப் போகிறது.

"அத்தை, தப்பா நெனைக்காதீங்க. நீங்க வந்த பெறகுதான் மாமாவுக்கு அரிக்குது. சேலையில வத்தல் தூசி இருக்கும்ல?" என்றாள் செல்வராணி.

வத்தல் சீசன். நாள் முழுக்கச் சாக்கைப் பிரித்துக் கையை விட்டு, காம்பை முறித்து, நிறம் வெளுத்த சண்டு எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்கிற வேலை. எங்கள் கடைப்பக்கம் புதிதாக வருகிறவன் வாசலிலேயே தும்முவான். எனக்குப் பழகிவிட்டது. நோயாளி உடம்புக்கு எப்படிப் பழகும்?

மார்ச் 6, வெள்ளி

கடையிலேயே குளித்து, வீட்டுச் சேலை மாற்றி, தலையை மூடிக்கொண்டு வந்தேன். அரிப்பு அப்படியேதான்.

மார்ச் 9, திங்கள்

சவரிமுத்து தினமும் வருகிறாராம். நோய் வந்ததிலிருந்தே வருகிறவர்தான்; அப்போது வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போவார். வலி குறைந்ததும் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டுவிட்டார். சாப்பாடு முடிந்து வந்து, நான் திரும்புவதற்கு முன்னால் கிளம்பிவிடுகிறார். என் வீட்டுக்காரர் ஓட்டிய பஸ்ஸில் கண்டக்டர். இரண்டு பேரும் ரிட்டயர் ஆகி வருஷக்கணக்காகியும் ஒருத்தரை ஒருத்தர் "டிரைவரே", "கண்டக்டரே" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

செல்வராணியிடம் கேட்டேன். "ரெண்டு பேரும் என்னம்மா பண்ணுவாங்க?"

"ஒரே சிரிப்புதான் அத்தை. அருப்புக்கோட்டை ரோட்டுல ஒரு கெடா ஆடு பஸ்ஸுல ஏறுன கதையை இன்னைக்கும் சொன்னாங்க. மாமாவுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு."

"அரிச்சுதா?"

அவள் யோசித்தாள். "இல்லத்தை. அப்ப சொறியவே இல்ல."

கெடா ஆட்டுக் கதை எனக்குத் தெரியாது.

மார்ச் 11, புதன்

கணக்குப் போட்டுப் பார்க்கிற மனசு எனக்கு. கெடுதலான மனசு என்றாலும் அதை வைத்துத்தான் பிழைத்தேன். தலையில் கூடை வைத்து ஊர் ஊராக வத்தல் வாங்கியவள் சொந்தக் கடை போட்டது அந்த மனசால்தான்.

இப்போது அது போடும் கணக்கு இது. அவர் பஸ்ஸில் இருந்த நேரமெல்லாம் சவரிமுத்துவோடு இருந்த நேரம். காலைச் சாப்பாடு அவரோடு, மதியச் சாப்பாடு அவரோடு. ஒரு விசிலுக்கு நின்று, இரண்டு விசிலுக்குக் கிளம்பிய மனிதர். நான் "ஏங்க" என்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். பொங்கலுக்குச் சட்டைத் துணி எடுத்தால் இரண்டு பேருக்கும் ஒரே துணி. ஒரு வருஷம் நான் வேறு நிறம் எடுத்து வந்தேன். அதை மகனுக்குக் கொடுத்துவிட்டார்.

நான் அவரை முதலில் பார்த்ததும் அந்த பஸ்ஸில்தான். வெம்பக்கோட்டைப் பக்கம் ஸ்டாப் இல்லாத, ரோடு பிரிகிற ஒரு விலக்கில் இரண்டு சாக்கோடு நிற்பேன். அவர் நிறுத்துவார். சவரிமுத்து இறங்கி வந்து, "தெனமும் ஒனக்கு மட்டும் ஸ்டாப்பா? லக்கேஜ் டிக்கெட் எடு" என்பார். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனும் அவர்தான். அன்றைக்கே அவர் கண்ணில் ஒரு வருத்தம் இருந்தது, என் பொருளை நீ எடுத்துக்கொண்டாய் என்கிற மாதிரி. நான் பொய் சொல்லவில்லை. இருந்தது.

இன்று செல்வராணியிடம், கண்டக்டருக்கு இனிப் பால் காப்பி வேண்டாம், வரக்காப்பி போதும் என்று சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

மாலையில் அவர் முகத்தை என் பக்கமிருந்து திருப்பிக்கொண்டு தலையணையில் மூக்கைத் தேய்த்தார். அப்படியே தூங்கிவிட்டார்.

மார்ச் 12, வியாழன்

வரத்து அதிகம். ஈரவத்தல் கொண்டுவந்தவனைத் திருப்பி அனுப்பினேன். வீட்டில் அதே அரிப்பு.

மார்ச் 15, ஞாயிறு

கடை லீவு. சவரிமுத்து கோயிலுக்குப் போய் மகள் வீட்டில் சாப்பிடுகிற நாள், வரவில்லை. காலையிலிருந்து நான்தான். தலைக்குக் குளித்தேன், துவைத்த சேலை, சமையலில்கூட வத்தல் கிள்ளவில்லை. மிளகு ரசம்.

காலையிலும் சொறிந்தார். மதியமும் சொறிந்தார். மாலை அளவுக்கு இல்லை, ஆனால் சொறிந்தார்.

"என்னங்க, நான் பக்கத்துல இருந்தா ஒங்களுக்கு அரிக்குதா?"

"என்ன கேள்வி கனி இது?"

"கேட்டதுக்குச் சொல்லுங்க."

"அரிக்குது. நீ இருந்தாலும் அரிக்குது, அந்த ஃபேன் ஓடுனாலும் அரிக்குது" என்று அரைத் தூக்கத்தில் சொன்னார்.

ஃபேனைச் சொன்னது சும்மா ஒப்புக்கு. முதலில் சொன்னது என்னைத்தான்.

மார்ச் 16, திங்கள்

ஒரு பொருளில் சந்தேகம் வந்தால் பக்கத்தில் இன்னொரு பொருளை வைத்துப் பார்ப்பது என் வழக்கம். இன்று சவரிமுத்துவைக் கடைக்கு வரவழைத்தேன்.

"மதினி கூப்புட்டு நான் வந்ததே இல்லையே. என்ன விசேஷம்?" என்று பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார்.

காம்பு கிள்ளும் பெண்களுக்கு நடுவில் ஒரு சாக்கின் மேல் உட்கார வைத்தேன். பேச்சுக் கொடுத்தேன். பக்கத்தில் வேண்டுமென்றே இரண்டு சாக்கைத் தட்டிவிடச் சொன்னேன். சிவப்பாகத் தூசி எழுந்தது. அவர் தும்மி, இருமி, கண்ணைக் கசக்கினார். போதாதென்று ஒரு பை வத்தலைக் கையில் கொடுத்து, "வீட்டுல குடுத்துருங்க, போற வழிதானே" என்றேன்.

"மதினி, கொல்லப் பாக்குறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினார். சட்டையெல்லாம் தூசி.

மாலையில் செல்வராணியைக் கேட்டேன். வந்தாராம், கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மாலை வரை பேசினாராம்.

"மாமா சொறிஞ்சாரா?"

"இல்லத்தை. ஒரு தடவைகூட இல்ல."

நான் உள்ளே போய் மாத்திரை கொடுத்து உட்கார்ந்தேன். மூக்கு, கன்னம், கழுத்து. தோல் கிழிகிற மாதிரி.

ஆகவே வத்தல் இல்லை. நான்தான்.

மார்ச் 17, செவ்வாய்

டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். வியாபாரத்தில் வெட்கப்பட்டால் நஷ்டம். அதனால் ஒளிக்காமல் கேட்டேன்: "ஒரு ஆளு பக்கத்துல வந்தா மட்டும் ஒரு மனுசனுக்கு அரிக்குமா டாக்டர்?"

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கினது கேட்டது. பிறகு முழுக்க விசாரித்தார். தடிப்பு உண்டா, உதடு வீங்குதா, மூச்சு வாங்குதா? ஒன்றும் இல்லை என்றேன்.

"அப்ப இது ஒவ்வாமை இல்லம்மா. மாத்திரையோட வேலை. வலியும் அரிப்பும் முதுகுத்தண்டு வழியாத்தான் மூளைக்குப் போகுது. வலி இருக்கிற வரைக்கும் அது அரிப்பைத் தலைதூக்க விடாது. அரிச்சா நாம ஏன் சொறியறோம்? சொறியறது ஒரு சின்ன வலி. அந்த வலி அரிப்பை அமுக்கிரும். மார்ஃபின் என்ன பண்ணுதுன்னா, வலியைத் தூங்க வைக்கிறப்ப, அரிப்பைக் காவல் காக்குற நரம்பையும் சேர்த்துத் தூங்க வச்சிருது. அரிப்பு அவுத்துவிட்ட மாதிரி ஓடும். தோல்ல இருந்தும் கொஞ்சம் கிளம்பும். மூக்கும் முகமும்தான் அதுக்கு ரொம்பப் பிடிச்ச எடம்."

"அலர்ஜி மாத்திரை குடுக்கட்டுமா?"

"சிலருக்குக் கேக்கும், பலருக்குக் கேக்காது. தூக்கம்தான் கூடும். பெரும்பாலும் கொஞ்ச நாள்ல தானா கொறையும். கொறையலைன்னா வேற மருந்துக்கு மாத்தலாம். நீங்களா நிறுத்திராதீங்க."

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. "அப்பறம் ஏன் டாக்டர் மத்தியானம் மட்டும் அரிக்கல? அதே மாத்திரைதானே?"

"மத்தியான மாத்திரையை அவர் முழுங்குறதை யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டார்.

மார்ச் 18, புதன்

இரண்டரை மணிக்கு வீட்டுக்குப் போனேன். கடை ஆரம்பித்த பிறகு சீசனில் அந்த நேரத்துக்கு நான் வீட்டுக்குப் போனது இன்றுதான். செருப்பைத் தெருவிலேயே கழற்றினேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சவரிமுத்து கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்கிறார். என் வீட்டுக்காரர் முதுகை நிமிர்த்தி, தலையணையில் சாயாமல், டிரைவர் சீட்டில் இருக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். வாய் நிறையச் சிரிப்பு. ஆனால் சவரிமுத்து பார்க்காத பக்கம், போர்வைக்கு வெளியே, அவர் வலது கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது. விரல் வெள்ளை வெளேர் என்று இருந்தது. காதோரம் வியர்வை ஓடியது. ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே போய் போர்வையை விலக்கினேன். மடியில் மாத்திரை கிடந்தது.

"ஐயோ மதினி, என்ன இது?" என்று எழுந்தார் சவரிமுத்து.

"ஒங்க டிரைவரைக் கேளுங்க."

"டிரைவரே?"

நேற்றிலிருந்து போட்டு வைத்திருந்த கணக்கை நானே சொன்னேன். செல்வராணி கொடுக்கும் இரண்டு மணி மாத்திரையைக் கைக்குள் வைத்துக்கொள்வது, சவரிமுத்து போனதும் விழுங்குவது, அது இறங்குவதற்குள் நான் வந்து ஆறு மணி மாத்திரையையும் கொடுத்துவிடுவது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மாலையெல்லாம் அரிப்பு, தூக்கம். அதனால்தான் மாலையில் அவர் வாயிலிருந்து எனக்கு ஒரு வார்த்தைகூடக் கிடைத்ததில்லை.

"எங்கிட்ட வலியே இல்லன்னாரு மதினி. நெசமாத்தான்னு நம்பி நானும் மணிக்கணக்கா உக்காந்துக்கிட்டு..." என்று சவரிமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

உள்ளதை எழுதுகிறேன். அவர் ஏமாந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் அவர் வாசலைத் தாண்டும் வரைகூட நிற்கவில்லை. அவருக்காக இந்த மனிதர் இவ்வளவு வலியைத் தாங்கியிருக்கிறார். எனக்காக என்ன தாங்கினார்?

அதையும் கேட்டேன். வலி எகிறியிருந்தது, மாத்திரை போட்டு அவர் படுத்திருந்தார். கேட்கக் கூடாத நேரம்தான்.

"மாத்திரை போட்டா மூக்கைத் தேச்சுக்கிட்டே தூங்கிருதேன் கனி. அவன் வந்தா முழிச்சிருக்கணும்னு தோணுது" என்றார்.

"நான் வந்தா?"

பதில் வருவதற்குள் தூங்கிவிட்டார்.

மார்ச் 19, வியாழன்

மாத்திரை எல்லாம் நேரத்துக்குப் போனது; இரண்டு மணிக்கு நானே வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். மாலை அரிப்பு பாதியாகக் குறைந்தது. நான் அவரோடு பேசவில்லை.

மார்ச் 20, வெள்ளி

சவரிமுத்துவை இன்று வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். கடையைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டேன். செல்வராணியை அவள் அம்மா வீட்டுக்குப் போய் வரச் சொன்னேன். இரண்டு மணிக்கு மாத்திரையைத் தட்டில் வைத்து, நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டேன்.

"கொண்டா" என்று கையை நீட்டினார்.

"இப்ப இல்ல. கண்டக்டருக்குக் குடுத்தீங்கள்ல, அதே நேரம் எனக்கும் வேணும். நாலு மணிக்குத்தான் மாத்திரை."

என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். தலையணையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கேளு. என்ன பேசணும்?"

அத்தனை நாள் கேட்க நினைத்தது ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. "வத்தல் விலை ஏறியிருக்கு" என்றேன்.

"இதுக்கா என்னைய நிமுந்து உக்கார வச்ச?" அவர் சிரிக்க, நானும் சிரித்துவிட்டேன்.

பிறகு பேச்சு வந்தது. கெடா ஆட்டுக் கதையை எனக்கும் சொன்னார். உண்மையிலேயே நல்ல கதைதான். பையனைப் பற்றிப் பேசினோம். என் முழங்கால் வலியை இதுவரை டாக்டரிடம் காட்டாததற்குத் திட்டினார். நான் கேட்டேவிட்டேன்: "அவருக்கு முன்னால மட்டும் ஏன் அந்த வேஷம்? எனக்கு முன்னால ஏன் இல்ல?"

"அவன் என்னைய டிரைவரா பாத்த ஆளு கனி. நோயாளியா பாத்தா ஒடஞ்சிருவான். நான் இல்லாம அவனுக்கு ஒரு மணி நேரம் போகாது."

"நான் ஒடைய மாட்டேனா?"

"ஒனக்கு முன்னால வேஷம் நிக்காது. சாக்குக்குள்ள கையை விட்டாலே சண்டு எம்புட்டுன்னு சொல்லிருவ. ஒன்னைய ஏமாத்துறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. நாள் பூரா எனக்கு இருக்கிறது ஒம் பக்கத்துல இந்த ஒரு எடந்தான், செத்த மாதிரி தூங்கலாம், சொறியலாம், ஒண்ணுக்குப் போகணும்னு சொல்லலாம்..."

பேச்சு பாதியில் நின்றது. உதட்டை உள்ளே இழுத்துக் கடித்தார். கண் என் மேல்தான் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கழுத்து நரம்பு கயிறு மாதிரி எழும்பியது. "சொல்லு... வேற என்ன" என்றார். குரல் அவருடையதாக இல்லை. கட்டில் சட்டத்தைத் தேடிய கையை நான் பிடித்தேன். அவர் பிடித்த பிடியில் என் மோதிரம் எலும்பில் இறங்கியது. அப்போதுதான் அந்த ஒரு மணி நேரம் எதனால் ஆனது என்று எனக்குத் தெரிந்தது. இதைத்தான் இரண்டு வாரமாக நான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மாத்திரையை எடுத்து அவர் வாயில் போட்டேன்.

"இன்னும்... நாலு ஆகலையே" என்று வலியோடு கேலி பண்ணினார்.

"ஆயிருச்சு. தண்ணியக் குடிங்க."

சாய்த்துப் படுக்க வைத்தேன். மூச்சு மெதுவாக இறங்கும் வரை கையை விடவில்லை. இத்தனை நாள் எதைப் பார்த்து எரிந்தேனோ, அதற்காகவே மூக்கைப் பார்த்தபடி காத்திருந்தேன். முதலில் நெற்றி விரிந்தது. விரல் தளர்ந்தது. பிறகு மூக்கு நுனி சுருங்கியது. கையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. என் நகத்தில் வத்தல் காரம் இருக்கும் என்று புறங்கையால் தேய்த்துவிட்டேன். "ம்" என்றார். கன்னம். கழுத்து. மறுபடி மூக்கு.

வாசலில் நிழல் விழுந்தது. வர வேண்டாம் என்று சொல்லியும் சவரிமுத்து வந்து நின்றார். கையில் ஒன்றும் இல்லை, முகம் வீங்கியிருந்தது.

"தூங்குறாரா மதினி?"

"ஆமா. தூங்கத்தான் செய்வாரு. இனிமே பேச்சு வேணும்னு முதுகை நிமுத்தச் சொல்லாதீங்க. வந்தா இப்படிச் சும்மா உக்காரணும்."

"உக்காருதேன் மதினி."

எதிர்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் மூக்கு மறுபடி சுருங்கியது. சவரிமுத்து கட்டிலுக்கு மேலாகக் கையை நீட்டினார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"அது என் வேலை" என்றேன்.

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் உள்ளே போய்ப் பால் காப்பி போட்டுக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, மறுபடி என் இடத்தில் உட்கார்ந்தேன்.